பனியைக் கடந்த திரேசக்காவின் கோழிகள்

திரேசக்காவின் மகள் போன் எடுத்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "மாமி, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றாள். கை கழுவாமலே கதிரையில் இருந்துவிட்டேன். இந்தக் குளிர் நாட்டில், அப்டன் பார்க்கில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் மன்னாரிலிருந்து வந்த வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவர்; நான் கோயிலுக்குப் போகிறவள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகை வேலி மட்டும்தான்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, எங்கள் தெருக் கனகசபை எழுந்து பேசினார். "அந்தப் பெரிய பனிக்குள்ள அக்காவின்ர கோழியளை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் காப்பாத்தினம்" என்றார். சனமும் தலையாட்டியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சபையில் எழுந்து பேச வராது. மறக்கவும் வராது. ஆகவே, திரேசக்காவைத் தெரிந்த உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம். திரேசக்காவின் கோழிக்கூடு, தெருவில் யாரோ எறிந்த உடுப்பு அலுமாரியை எடுத்து அவரே ஆணியடித்துச் செய்தது. பனி முழங்கால்வரை கிடக்க, காலையில் சுடுதண்ணீர்க் கேத்தலோடு வருவார். கோழிகளின் தண்ணீர்க் கோப்பையில் உறைந்ததை உடைத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுவார். வெடித்த எங்கள் உதட்டுக்குப் பூசுகிற வாசலினைக் கோழியின் கொண்டைக்கும் பூசுவார். கனகசபை வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "அக்கா, கோழிக்குக் கோட்டு எப்ப தைக்கப் போறியள்?" என்று கேட்பார்.

"முதல்ல உமக்கொரு வாய்ப்பூட்டுத் தைச்சு முடிக்கிறன், பொறும்" என்பார் திரேசக்கா.

அந்த நாட்களில் குளிர் என்றால் எங்கள் சனத்துக்குப் பேய்ப் பயம். பனி மாரி தொடங்க முதலே ஜன்னல்களுக்குப் பொலித்தீன் ஒட்டி, கதவிடுக்கில் பழந்துணி செருகி, காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு உள்ளே கிடப்போம். பிள்ளைகளுக்குச் செய்ததையே திரேசக்கா கோழிகளுக்கும் செய்தார். கூட்டைச் சுற்றிப் பொலித்தீன் இழுத்து, ஓட்டைக்கு ஓட்டை டேப் ஒட்டினார். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் ஒரு கோழி விறைத்துக் கிடந்தது. மற்றவற்றின் கொண்டை நுனிகள் கறுத்திருந்தன.

கனகசபை அப்போதும் வந்தார். "நான் சொன்னனான்தானே? எங்கட சாமான் ஒண்டும் இந்த நாட்டில தப்பாது. குளிர் தின்ன முதல் மிச்சத்தையாவது சட்டியில போடுங்கோ, அக்கா." திரேசக்காவின் புருஷனும் கத்தியைத் தேடத் தொடங்கிவிட்டார்.

திரேசக்கா அசையவில்லை. "ஊரில கூட்டுக் கதவைத் திறந்துவிட்டிட்டு ஓடி வந்தனான். அதுகளுக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. இதுகளை விடமாட்டன்" என்றார். அவர் ஊர்க் கோழிகளைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பனியில் முழங்காலிட்டு, கூட்டுக்குள் தோள்வரை கையை விட்டார். வைக்கோலைத் தடவினார், மேல் பலகையைத் தடவினார். வெளியே எடுத்த கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"குளிரில்லை, பாக்கியம். ஈரம். அதுகள் விட்ட மூச்சே தண்ணியாகி அதுகளின்ர தலையில விழுந்து உறைஞ்சிருக்கு. பிழை என்னிலதான்."

சொன்ன கையோடு கூரைக்குக் கீழே இருந்த பொலித்தீனைப் பிடித்துக் கிழித்தார். காற்று ஊளையிடுகிற நேரத்தில் கூட்டைத் திறந்துவிட்டால் யார்தான் என்ன நினைப்பார்கள்? "அக்காவுக்கு மண்டை கழண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டுக் கனகசபை வீட்டுக்குள் போனார். கனகசபை ஐயா, நீங்கள் சேர்ந்து காப்பாற்றிய விதம் அதுதான். ஈர வைக்கோலை அள்ளிக் கொட்டி, காய்ந்த மரத்தூள் போட்டது திரேசக்கா. வாளி பிடித்தது நான்.

அடுத்த நாள் காலையில் நான் செருப்போடு பனிக்குள் ஓடினேன். கூடு காய்ந்து கிடந்தது. கோழிகள் இறகை உப்பிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. கதவைத் திறந்ததும் எங்களைத் திட்டுவதுபோலக் கொக்கரித்தன. அதற்குப் பிறகு அந்த மாரியில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. பெரிய பெரிய வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் வெடித்து நின்ற மாரியில், திரேசக்காவின் அலுமாரிக் கூடு நின்று காட்டியது.

பனி கரைந்து, வெளிச்சம் நீண்டதும் கோழிகள் முட்டையிடத் தொடங்கின. திரேசக்கா வீட்டுக்கு வீடு கொடுத்தார். கனகசபை வீட்டுக்கும் கொண்டுபோனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கு ஏனக்கா?" என்று கேட்டேன்.

"வாய்தான் கெட்டது, பாக்கியம். வயிறு என்ன செய்தது?"

அந்த மனம் எனக்கு வரவில்லை, இனியும் வராது. அதை அவரோடே அனுப்பிவிட்டேன். ஆனால் சிரிக்கக் காத்துநின்றவனுக்கு முன்னாலேயே தன் பிழையைச் சொல்லி, தான் ஒட்டியதைத் தானே கிழித்தார் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.