தூக்க முடியாத லென்ஸ்

லென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று என் கணவர் தானாகச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் புடவையைக்கூட அவர்தான் எடுப்பார். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பார். ஆனால் பில் போட்ட பிறகுதான் கேட்பார்.

அவர் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். எனக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கேமராவோடு ஏரிக்கரைக்குப் போவோம். ஒரு பல் மருத்துவர், அவர் நண்பர்கள், என் கணவரின் பள்ளியிலேயே வேலை செய்யும் ஒரு ஆசிரியர். பெண் நான் ஒருத்திதான். கேமராவோடு வந்த சின்ன லென்ஸைத்தான் வைத்திருந்தேன். அதில் மீன்கொத்தியை எடுத்தால் ஏரி முழுக்கத் தெரியும், மீன்கொத்தியைத் தேட வேண்டும். ஆனால் என்ன பறவை என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்.

எது வாங்குவது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். செங்கம் ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கி இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். பெரிய லென்ஸின் பாரம் முழுவதும் இடது கையில்தான் விழும். நிறைந்த குடத்தையே என்னால் தூக்க முடியாது. அதனால் நானூறு மில்லிமீட்டர் வரை போகிற எடை கம்மியான லென்ஸ் போதும் என்று இருந்தேன். இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தவர்தானே.

சென்னையில் கடைக்காரப் பையன் நானூறு ஒன்று, அதைவிடப் பெரிய அறுநூறு ஒன்று என்று இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தான். நான் நானூறைக் கேமராவில் மாட்டி, எதிர் மாடியில் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்த்தேன். அதன் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வளையம் துல்லியமாகத் தெரிந்தது. கை வலிக்கவில்லை. "இது போதுங்க" என்றேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால் அறுநூறுக்குப் பில் போட்டு முடித்திருந்தார்கள்.

"மேடம் கை தாங்குமா சார்?" என்று பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தூக்கறதுக்கு நான் இருக்கேன்பா" என்றார் அவர்.

முதல் ஞாயிறு லென்ஸையும் கேமரா ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அடுத்த ஞாயிறு எழுப்பினேன். "வாரத்துல ஒரு நாள் தூங்க விடமாட்டியா" என்று திரும்பிப் படுத்தார். நானே தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "உனக்கு எது வாங்கிக் குடுத்தாலும் ஒரு குறை" என்றார்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற அவர் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவர் லென்ஸை எடுத்து வந்து டீ டம்ளர்களுக்கு நடுவில் நிறுத்தினார்.

"ஆசையா கேட்டா, வாங்கிக் குடுத்தேன். அப்படியே கெடக்குது. இவங்களுக்குக் கேக்கத்தான் தெரியும்."

"அண்ணி குடுத்து வச்சவங்க" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு, சும்மா கிடக்கிறதே என்று சொல்லி அவரே அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவோடு கிளம்பினார். என் கேமரா, என் நண்பர்கள், நான் போகும் ஏரி. காலையில் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். படங்கள் நன்றாக இருந்தன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இறகு இறகாக எண்ணலாம்.

பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது. சாயங்காலம் சமையலறைக்கு வந்து போனை நீட்டி, "இது என்ன?" என்பார். நான் சொல்வேன். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குழுவில் படமும் பெயரும் வந்துவிடும். "சார் பேரெல்லாம் கரெக்டா சொல்றாரே" என்று பாராட்டுவார்கள். கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவார். நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

ஒரு நாள் பல் மருத்துவர், "மேடம் வர்றதே இல்லையே?" என்று கேட்டிருந்தார். "அவளுக்குப் பொறுமை பத்தாது டாக்டர்" என்று என் கணவர் எழுதியிருந்தார். நான் படிப்பேன் என்று தெரிந்தேதான் எழுதியிருந்தார்.

அந்த வாரம் அடி அண்ணாமலைப் பக்கம் வயலில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். உண்ணிக்கொக்கு. மாட்டின் பின்னாலேயே நடக்கும், எல்லோரும் பார்த்த கொக்குதான். கோடையில் மட்டும் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். அறுநூறு லென்ஸ் தலையை மட்டும் இழுத்துக் கொடுத்திருந்தது. மாடும் இல்லை, வயலும் இல்லை.

"கொக்கு மாதிரி இருக்கே" என்றார்.

"கொக்கு வகைதாங்க. செந்தலைக் கொக்கு. வடக்குல இருக்கும். வழி தப்பி வந்திருக்கு. நம்ம பக்கம் யாரும் எடுத்ததில்ல."

சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே சொன்னேன். அப்படி ஒரு கொக்கே கிடையாது.

அவர் குழுவில் ஒரு பத்தி எழுதினார். நம் ஊருக்கு முதல் முறை என்றும், வெகு நேரம் வெயிலில் படுத்துக் காத்திருந்ததாகவும். பிறகு பல் மருத்துவர் ஒரு படம் போட்டார். எருமை முதுகில் அதே ஆரஞ்சுத் தலைக் கொக்கு. "சார், இதுக்குக் கீழ இருக்கிறது என்ன விலங்குன்னும் சொல்லிடுங்க" என்று எழுதியிருந்தார். அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. நான் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் படித்தேன், இரண்டாவது முறையும் படித்தேன்.

குழுவில் இருந்த ஆசிரியர் பள்ளியிலும் சொல்லிவிட்டார். வகுப்புக் கரும்பலகையில் யாரோ கொக்கு வரைந்து, கீழே 'அபூர்வம்' என்று எழுதியிருந்தார்களாம். இதை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஆசிரியரின் மனைவி சொன்னாள். அன்று சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வருத்தம் எதுவும் அகப்பட்டிருக்காது. தோசை ஊற்றட்டுமா என்று கேட்டேன். ரெண்டு போதும் என்றார்.

அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். பெரிய லென்ஸைப் பல் மருத்துவர் மூலமாக விற்று, நானூறை வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போகிறேன். அவர் முந்தின நாள் குழம்பைச் சூடு பண்ணித் தனியாகச் சாப்பிடுகிறார். அவரைப் பற்றி யாராவது கிண்டலாக விசாரித்தால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

போன வாரம் எங்கள் முருங்கை மரத்தில் ஒரு சின்ன மஞ்சள் பறவை வந்து உட்கார்ந்து நீளமாக விசிலடித்தது. பேப்பரை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு, "இது என்ன?" என்று கேட்டார்.

"மாம்பழச்சிட்டு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினார். படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சரியாக இருந்திருக்க வேண்டும். உள்ளே போய், மறுபடி பேப்பரை விரித்தார்.