போனஸுக்கு வரி இல்லை என்றேன்

தொண்ணூறுகளில் பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் நான் சம்பளக் கணக்கு பார்த்தேன். அங்கே ஒருவர் லேத் இயந்திரம் ஓட்டினார். நெடிய உருவம், நரைத்த மீசை. எண்ணெய்க் கையைத் துணியில் நன்றாகத் துடைத்த பிறகே எந்தக் காகிதத்தையும் வாங்குவார்.

ஒரு தீபாவளிக்கு போனஸ் கொடுத்தபோது, "இதுக்கு வரி புடிப்பீங்களா சார்? பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்," என்று கேட்டார்.

"போனஸுக்கு வரி இல்ல," என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன்.

போனஸும் வருமானம்தான். யாருக்குமே அதைச் சேர்த்து நான் வரி பிடித்திருக்கவில்லை. மார்ச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர் கவரில் பாதிச் சம்பளம்தான் இருந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்றதால், "ரூல் மாறிடுச்சு," என்று பொய் சொன்னேன்.

வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். "ரூல் மாறினா சார் என்ன பண்ணுவாரு?" என்று அவர்தான் அவர்களை அடக்கினார்.

அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "யூனியன்ல விசாரிச்சேன். ரூல் ஒண்ணும் மாறலையாம் சார்," என்றார் மெதுவாக. "நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆடுகோடி ஸ்டாப்பில் அவர் இறங்கும்வரை மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.