ஆயுத பூஜையன்று ஓடிய கம்ப்யூட்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் மீனாட்சி அம்மையிடம் மனசுக்குள் சொல்லிவிடுவேன். மனிதரிடம் சொன்னதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஐந்தாம் வகுப்பு. காளவாசலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் சித்தப்பா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் படம் முழுதாகச் சேர்ந்து வர ஒரு பகல் போதாது. ஆகவே அதன் ப்ராசசரின் வேகத்தைக் கூட்டப் பார்த்தார். சிம்மக்கல்லில் கடை வைத்திருந்த அவருடைய கூட்டாளி, வேகத்தைக் கூட்டினால் கரண்டை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடுகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நின்று நின்று போகும் என்றாராம். சித்தப்பா கேட்கவில்லை. மின்னழுத்தத்தை ஒரே அளவில் பூட்டாமல், வேலைக்குத் தக்கபடி ஏறி இறங்க விட்டு, வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டிப் பார்த்தார். பத்து நாள் திரை நீலமாகி நீலமாகி நின்றது. பதினோராம் நாள் நிற்கவில்லை. என்னைக் கூப்பிட்டுத் திரையில் வேகத்தைக் காட்டும் ஓர் எண்ணைக் காட்டினார். வேலை கொடுத்தால் நாலாயிரத்து இருநூறு. கையை எடுத்தால் ஆயிரத்து அறுநூறு.

“பாத்தியா தாயி, வேலை இருந்தா ஓடுது. இல்லேன்னா தானா படுத்துக்கிடுது. எனக்குத்தான் அப்படி ஒரு சுச்சு வைக்காம விட்டுட்டான் ஆண்டவன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாள்மனை, தையல் மிஷின், என் புத்தகங்கள், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். அன்று எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. சித்தப்பா மட்டும் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார். மறுநாள் வெளிநாடு கிளம்பும் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அன்று இரவுக்குள் படத்தைக் கையில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாராம். எட்டு மணிக்கு ஓட விட்டால் இரண்டு மணிக்கு முடியும். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவர் முறை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு அங்கேயே பாயில் படுத்துத் தூங்கிப்போனார்.

அந்த எண் இறங்கவே இல்லை. ஒரு மணி ஆகியும் நாலாயிரத்து இருநூறு. பெட்டியைத் தொட்டால் சுட்டது, வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அரிவாள்மனைக்குக்கூட ஓய்வு கிடைத்த நாளில் இதற்கு இல்லையே, சாமி குத்தமாகி அது சித்தப்பா உடம்பில் போய் விடியுமே என்று பயந்தேன். கும்பிட்டுவிட்டுச் சுவரில் இருந்த கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தேன். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

இரைச்சல் நின்றதும் சித்தப்பா கண் விழித்தார்.

“என்ன தாயி, நின்னுருச்சா?”

“கரண்டு போயிருச்சு சித்தப்பா.”

மல்லாந்தபடியே கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா, போயிருச்சு. நீ போயிச் சுண்டல் சாப்புடு” என்றார்.

முதலில் இருந்து மறுபடி ஓட விட்டார். இனி முடிய இரவு ஏழு மணியாகும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்ன அம்மாவிடம், “கரண்டு கெடுத்துப்புடுச்சு மதினி, நாளைக்குப் போறேன்” என்றார். மறுநாள் அங்கே இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் மூச்சு முட்டி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்த ஒரு முறை தவறியதுதான் காரணமா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வந்ததில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் கரண்டைத்தான் திட்டுகிறார்கள்.

கல்யாணமாகி வாடிப்பட்டிக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் பாயில் படுத்திருந்தேன். கரண்டு போனது. தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தேன். அன்று சித்தப்பா தலைக்கு மேலே அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் நம்பிவிட்டார் என்று நினைத்துத்தான் நான் சுண்டல் சாப்பிடப் போனேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால் மாற்றாமல் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைதானே என்று எனக்காக எதையும் குறைக்க வேண்டாம். அன்று எங்கள் வீட்டில் கரண்டு போகவில்லை.