மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது என் அக்காவுக்கு நடந்தது. நர்ஸ் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். பேய் என்று யாராவது சொன்னால், "அதுக்கும் ஒரு ஊசி போட்டுடலாம்" என்பாள். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

பட்டப்பகல். ராத்திரி டியூட்டி முடித்தவளை, மாற்ற ஆள் இல்லையென்று பகலுக்கும் நிறுத்திவிட்டார்கள். கால் கடுத்தது. வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மூன்றாம் கட்டிலில் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தவர். தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றதால் எல்லோர் கண்ணும் அந்தக் காலிலேயே இருந்தது. கழுத்து வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "காலு சார், காலு!" என்றுதான் கத்தினார். அவசரத்தில் எடுத்த கழுத்து எக்ஸ்ரே அரைகுறையாக விழுந்தது. அதைப் பார்த்தே, வந்ததும் மாட்டியிருந்த கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டார்கள். காலுக்கு ஆபரேஷனும் முடிந்தது.

தண்ணீர் கேட்டார். உட்கார வைத்துக் கொடுக்க, அக்கா கால்மாட்டில் குனிந்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றினாள். அது அசையவில்லை.

"சிஸ்டர், தலையை விடுங்க... கை சில்லுனு இருக்கு."

அக்கா நிமிர்ந்தாள். அவள் நின்றது அவர் காலடியில்.

"யாரு பிடிச்சிருக்கா?"

"தெரியல... ரெண்டு கை."

தலைமாட்டில் சுவர்தான். கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது.

மின்விசிறி... சடக்... சடக்...

தலையணை இரு காதோரமும் குழிந்திருந்தது. விரல் விரலாக.

அவள் பார்க்கப் பார்க்க... குழி ஆழமானது.

அவரைத் தூக்காமல், பட்டையை மறுபடி மாட்டிவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

"தூக்கமில்லாம உளர்றீங்க சிஸ்டர்."

"உளர்றேன்னே வெச்சுக்கோங்க. இன்னொரு படம் எடுங்க சார்."

எடுத்தார்கள். மண்டைக்குச் சற்றுக் கீழே கழுத்தெலும்பு முறிந்திருந்தது. தூக்கி உட்கார வைத்திருந்தால் மூச்சு அங்கேயே நின்றிருக்கும்.

எக்ஸ்ரேக்காரர் முறைத்தார். "படம் எடுக்கும்போது உள்ள யாரை நிக்க வெச்சீங்க? விரலெல்லாம் விழுந்திருக்கு பாருங்க."

உள்ளே யாருமில்லை. கதவைச் சாத்தியதே அக்காதான்.

தாடையின் ஒரு பக்கம் ஐந்து விரல் எலும்புகள். மறுபக்கம்... நான்கு.

படத்தை எட்டிப் பார்த்த வார்டு ஆயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ லீவுல இருந்தப்ப வந்தவன்மா. இதே கட்டில். லாரியில மரம் ஏத்துறப்ப லோடு சரிஞ்சு மேல விழுந்திடுச்சு. விரல் ஒண்ணு போச்சேன்னு எல்லாரும் கையையே பார்த்துக்கிட்டிருந்தோம். தண்ணி கேட்டான்... நான்தான் தூக்கி உட்கார வெச்சேன். கண்ணு அப்படியே நிலைகுத்திப் போச்சு."

"எதனாலன்னு சொன்னாங்க?"

"மாரடைப்புன்னு சொல்லித்தான் உடம்பை வீட்டுக்கு அனுப்புனாங்க. இருபத்தாறு வயசும்மா அவனுக்கு."