கால் பெருவிரல் கணக்கு

பதினாறு வருஷமாக ஒன்றாம் வகுப்பு. ஏழும் அஞ்சும் பன்னிரண்டு, பன்னிரண்டில் அஞ்சு போனால் ஏழு. டீச்சரின் உலகம் இருபதைத் தாண்டியதே இல்லை. வீட்டில் புருஷன் கொஞ்சம் உரக்கப் பேசினால்கூட, "வாயில விரல் வை" என்று தன்னையறியாமல் அதட்டிவிடுவாள். அந்த மனுஷனும் "சரிங்க மிஸ்" என்று வைத்துக்கொள்வார். அவருக்குச் சிரிப்பு, இவளுக்கு அழுகை. ஒரு வருஷமாவது நாலாம் வகுப்புக்குப் போகாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றே பயந்தாள்.

இந்த வருஷம் நாலாம் வகுப்பு டீச்சர் வேலையை விட்டுவிட்டார். அந்த இடம் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை என்றார் தலைமையாசிரியை. இருபதுக்குள் கூட்டலும் கழித்தலும் விரல்விட்டு எண்ணாமல் டக்கென்று வரவேண்டும், இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும். வராத பிள்ளை மறுபடி ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதான்.

டீச்சர் விடுவாளா? மூன்று மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். இருபத்தேழு பேர் தேறிவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி, அதிகம் வாய் திறக்காத 'பூனைக்குட்டி'. மக்கு என்று சொல்லிவிட முடியாது. எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள், அவ்வளவுதான்.

"எட்டும் ஆறும் பதினாலுன்னு நேத்துதானே எண்ணிப் பாத்த?"

"அது நேத்து, மிஸ்."

இவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

சோதனை நாளன்று தலைமையாசிரியை எல்லோரையும் கையைத் தலைமேல் வைக்கச் சொன்னார். வரிசையாகப் பதில் வந்தது. கடைசியில் பூனைக்குட்டி.

"பதினஞ்சுல ஏழு போனா?"

தலை குனிந்த டீச்சரின் கண்ணில் அது பட்டது. பெஞ்சுக்கடியில் பூனைக்குட்டியின் கால் பெருவிரல் விறுவிறுவென்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எட்டுத் தட்டு.

"எட்டு."

வாயைத் திறந்தால் பிள்ளையும் போச்சு, நாலாம் வகுப்பும் போச்சு. டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். டீச்சரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "நாலாம் வகுப்புக்கு யாரை வேணா போட்டுக்கலாம். ஒன்னாம் வகுப்புக்கு உங்கள மாதிரி ஆள் கிடைக்காது. நீங்க இங்கயே இருங்க."

"வாக்குக் குடுத்தீங்களே மேடம்."

"குடுத்தேன்தான். எல்லாரும் தேறுவாங்கன்னு நான் கண்டேனா?"

அடிப்பாவி! பெருவிரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் புகழெல்லாம் தவிடுபொடி. அதனால் என்ன லாபம்? அப்போதும் இதே வகுப்புதான், கூடவே அந்தக் குழந்தையும் மாட்டிக்கொள்ளும்.

"சரிங்க மேடம்," என்றாள்.

வகுப்புக்குள் நுழைந்ததும் பூனைக்குட்டி ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், நாங்க எல்லாரும் ரெண்டாம் வகுப்பு போறோம். நீங்க?"

"நான் இங்கயேதான்."

பூனைக்குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பாஸாகலையா, மிஸ்?"