ஆண்டவருக்கு ஒரு பிடி

மனைவி உலைக்கு அரிசி அளக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டில் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தகர டப்பாவில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலில் சேர்ந்து, நாதியற்ற கிழவர்களுக்குக் கஞ்சியாகும்.

பூட்டுப் பட்டறையில் அப்பாவுக்கு வேலை நின்றுபோன சமயம், அரிசிப் பானை அடிதட்டியது. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு நீ எடு அப்பு. சின்னக் கைதானே, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

"கஞ்சிக்கு வாரவுகளுக்கு வயிறும் சின்னதாப் போச்சா?" என்ற அப்பா, தன் அகலக் கையால் அள்ளிப் போட்டார்.

அன்றைக்கு எங்கள் கஞ்சி வெறும் தண்ணி. ஜெபத்தில் கண்ணை மூடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கையும் அம்புட்டு அகலம்தான். அவர் அள்ளிய அரிசி மட்டும் இதில் கொள்ள மாட்டேங்குது.