பழுப்பு மூக்குக்கு ஒரு வளைகாப்பு

எங்கள் வீட்டில் ஓர் ஆண் பறவைக்கு வளைகாப்பு நடந்தது. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

கடையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பார்களே, அந்தச் சின்னக் கிளி. பச்சை உடம்பு, மஞ்சள் முகம். அலகுக்கு மேலே, மூக்குத் துவாரங்களைச் சுற்றித் தடிப்பாக ஒரு தோல் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெட்டைக்குப் பழுப்பு. எங்களுடையது பளிச்சென்ற நீலம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி வண்டியில் இடுப்பொடிந்து ஜோகுபாளையத்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், "வந்துட்டியா, வந்துட்டியா" என்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பான். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். நான் வீடு திரும்பியதில் சந்தோஷப்பட்ட ஒரே உயிர் அவன்தான்.

அந்த நீலம் வெளுக்க ஆரம்பித்தது. பிறகு பழுப்பாகி, காய்ந்த சேறு போலத் தடித்தது. அலகும் நீண்டு செதில் செதிலாக உரிந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்றேன். கீழ்வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா மேலே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் எட்டிப்பார்த்தார்.

"அய்யோ, இது பொட்டைம்மா! முட்டை வைக்கிற சமயத்துல பொட்டைக்கு மூக்கு இப்படித்தான் தடிச்சுப்போகும். சின்ன வயசுல நான் எத்தனை வளர்த்திருக்கேன்!"

"இத்தனை நாளா நீலமா இருந்துச்சே அண்ணி?"

"கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்," என்று சோபாவிலிருந்தே தீர்ப்புச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

அண்ணி சொன்னது பெட்டைக்குச் சரிதான். அரைகுறை உண்மையை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களிடம் வாதாடவே முடியாது. நான் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

கூண்டுக்குள் முட்டையிட ஒரு மண்பானை வந்தது. அதோடு விட்டார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, புளியோதரை, சித்ரான்னம், தயிர் சாதம் எல்லாம் செய்து, கூண்டுக்கம்பியில் சந்தனம் குங்குமம் வைத்து, குழந்தைகள் போடும் கண்ணாடி வளையல்களைக் கட்டித் தொங்கவிட்டார். விளையாட்டுதான் என்றார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வளைகாப்பில் பிள்ளையில்லாதவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போட்டால் அவளுக்கும் தங்கும் என்பது வழக்கம். "அடுத்தது உனக்குத்தான்" என்று என் கையைப் பிடித்து அண்ணி வளையலை ஏற்றினார். எதிர்வீட்டு அம்மா அதையே கன்னடத்தில் சொல்லி என் கன்னத்தில் சந்தனம் தடவினார். கல்யாணமான நாளிலிருந்து ஸ்கேன், ஊசி, மாத்திரை, விரதம், பிரார்த்தனை எல்லாம் எனக்குத்தான் நடந்தது. கடைசியில் ஒரு குருவியளவுக் கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரம் வாங்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் அதை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அவனோ குச்சியின் ஓரத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். "வந்துட்டியா" நின்று போயிருந்தது. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. முட்டை உருண்டு நிற்கிறது என்று அண்ணி பூரித்துப்போனார். ஒரு கால் பிடிமானம் இல்லாமல் நழுவ ஆரம்பித்தபோது நான் கத்தியே விட்டேன். இது செத்துப்போகும், இப்போதே டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"முட்டை வர்ற நேரத்துல தூக்கிட்டு அலையக்கூடாது. பெத்தவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்," என்றார் அண்ணி.

அந்த வார்த்தைக்கு என் வீட்டுக்காரர் வாயைத் திறந்திருக்க வேண்டும். டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கூண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, ஆட்டோ பிடித்து தொம்மலூரில் இருக்கும் பறவை டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா அவனை உள்ளங்கையில் பிடித்து மூக்கைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"இது ஆண்தாம்மா. உள்ளே விதையில கட்டி. அது பெண் ஹார்மோனைச் சுரக்குது, அதனாலதான் நீலம் பழுப்பாச்சு. கட்டி நரம்பை அழுத்துறதால கால் விழுந்திருக்கு. மூக்கு நிறம் மாறினவுடனே கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம். இப்போ வலிக்கு மருந்துதான் தர முடியும்."

நிறம் மாறினவுடனே! அந்த உடம்பு தன்னால் முடிந்த மட்டும் முகத்திலேயே எழுதிக் காட்டியிருக்கிறது. இவர்கள் அதற்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் சொன்னதும் அண்ணி மோவாயில் கை வைத்தார். "ஆம்பளைக்குப் போய் அப்படியெல்லாம் வருமா?"

அந்த வாரமே அவன் போய்விட்டான். காலையில் பார்த்தபோது கூண்டின் அடியில் கிடந்தான். அந்தப் பழுப்பு மூக்கைத் தடவிக்கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அவனைக் காம்பவுண்டு ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே பெருமூச்சு விட்டார். அண்ணியும் பக்கத்தில் நின்றார்.

"ஆம்பளைகிட்ட கோளாறு இருக்கும்னு யாருக்குத் தெரியும், சொல்லு?" என்று என்னைக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தாத்தாங்க தெரியும்," என்றேன்.

அவர் நிமிரவில்லை. அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் நகராமல் அவர் பதிலுக்காக அங்கேயே நின்றேன். கையில் ஒட்டிய மண் எல்லாம் எப்போதோ போய்விட்டது. அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார்.